இல்லாத நீருக்குப் பங்காளிகள்

1922ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ ராஜ்யத்தில், சாண்டா ஃபே நகருக்குச் சற்று வெளியே இருந்த பிஷப்ஸ் லாட்ஜ் என்னும் விடுதியில் ஏழு ராஜ்யங்களின் பிரதிநிதிகள் கூடி, இரண்டு வாரங்கள் விடாமல் விவாதித்து, அதே மாதம் 24ஆம் தேதி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். கொலராடோ நதியின் நீரை யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதே விவகாரம். சபைக்குத் தலைமை வகித்தவர், அப்போது வர்த்தக மந்திரியாயிருந்து பின்னாளில் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர்; தொழிலால் சுரங்கப் பொறியாளர்; ஆகவே கணக்குகளில் நம்பிக்கை உள்ளவர். கோர்ட்டுக்குப் போனால் தலைமுறை தலைமுறையாக இழுபடக்கூடிய ஒரு வழக்கைக் கூடிப் பேசித் தீர்த்துக்கொண்டது பெரிய சாதனையாகவே அக்காலத்தில் போற்றப்பட்டது. அந்தப் போற்றுதலில் குற்றம் சொல்வதற்கில்லை. குறை ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் பங்கிட்டுக்கொண்ட நீரில் ஒரு பகுதி அந்த ஆற்றில் இல்லை.

கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீருக்கு அங்கே ஏக்கர்-அடி என்று பெயர். நதியின் மேற்பாகத்து ராஜ்யங்கள் நான்குக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பாகத்து ராஜ்யங்கள் மூன்றுக்கும் அதே 75 லட்சம் என்று உடன்படிக்கை விதித்தது; பிறகு 1944இல் மெக்சிகோ தேசத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இன்னொரு 15 லட்சம் சேர்ந்தது. ஆக மொத்தம் 1 கோடியே 65 லட்சம். நமக்குப் பழக்கமான அளவையில் சொன்னால் ஏறக்குறைய 719 டி.எம்.சி.; காவிரியின் சாதாரண ஆண்டு நீர் என்று நடுவர் மன்றம் வைத்துக்கொண்ட 740 டி.எம்.சி.க்கு மிகவும் அருகில் வரும் தொகை. பூமியின் மறுபக்கத்தில், பனிமலையில் பிறந்து பாலைவனத்தில் முடியும் ஓர் ஆறும், குடகில் பிறந்து வயல்களில் முடியும் நம்முடைய ஆறும், காகிதத்தில் இப்படிச் சமமாக நிற்பது தற்செயல்தான். ஆயினும் அந்த இரு ஆறுகளின் வழக்குகளும் ஒரே ஜாடையில் இருப்பது தற்செயலன்று.

விடுதியில் கூடியவர்களிடம் இருந்தவை ஏறத்தாழ இருபதே ஆண்டுகளின் ஓட்டக் கணக்குகள். அந்த இருபதும், பின்னால் தெரிந்தபடி, பல நூற்றாண்டுகளில் அபூர்வமாக வாய்த்த ஈரமான ஆண்டுகள். 1976இல் ஆராய்ச்சியாளர்கள் அந்த வடிநிலத்தின் பழைய மரங்களைத் துளைத்து, வளையங்களை எண்ணி, நதியின் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஜாதகத்தைக் கணித்தபோது, நெடுங்காலச் சராசரி 1 கோடியே 35 லட்சம் ஏக்கர்-அடி அளவில்தான் நின்றது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்திருக்கும் நீர் அதைவிட இன்னும் பத்து லட்சமளவு குறைவு. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யூஜீன் லாரூ என்னும் நீரியல் நிபுணர், ஆற்றில் இத்தனை நீர் இல்லை என்று அந்தக் காலத்திலேயே எடுத்துச் சொன்னார். கேட்பாரில்லை. பங்கு கேட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஏழு பேருக்கும் மனம் நிறையக் கொடுத்து அனுப்ப வேண்டுமானால் பானையில் சோறு நிறைய இருக்கிறதென்று சொல்லித்தான் ஆகவேண்டும். இல்லையென்று சொல்பவனைப் பந்தியில் யாருக்கும் பிடிப்பதில்லை.

நதியின் வடிநிலத்தில் அவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே வாழ்ந்துவந்த பூர்வகுடிகள் விடுதிக்கு அழைக்கப்படவில்லை. இன்று அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட 30 குடிகள் அங்கே உண்டு. ஒதுக்கப்பட்ட நிலத்தோடு நீரும் அவர்களுக்கு உரியது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தும், உடன்படிக்கையில் அவர்களைப் பற்றி உள்ளது, பூர்வகுடிகளுக்கு அரசாங்கம் பட்டிருக்கும் கடமையை இது பாதிக்காது என்னும் ஒற்றை வாசகம்தான்.

இந்த ஒரு நதியின் கதையில் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம் உண்டு. நீரை எப்படிப் பொதுவில் ஆள்வது என்ற கேள்வி இன்று சர்வதேச சபைகளில் பெரிதாக அடிபடுகிறது. விலையா உரிமையா, சந்தையா சர்க்காரா, தேசமா உலகமா என்று பல கட்சிகள் கட்டப்படுகின்றன. அந்த வாதங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டபின் எனக்குத் தோன்றுவது, அவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு பிரிவினை இருக்கிறது என்பது. நீரை அளவாகப் பிரிப்பவர்கள் ஒரு ஜாதி. பங்காகப் பிரிப்பவர்கள் மற்றொரு ஜாதி. இத்தனை ஏக்கர்-அடி, இத்தனை டி.எம்.சி. என்பது அளவு. வருவதில் நாலில் ஒன்று என்பது பங்கு. வானம் ஒழுங்காகப் பெய்யும் வரையில் இரண்டுக்கும் பேதம் தெரியாது. பொய்த்த ஆண்டில்தான் அளவு பிடித்தவன் தன் பத்திரத்தை நீட்டி ஆற்றின்மேல் பிராது கொடுக்கிறான், பங்கு பிடித்தவன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கரைமேல் நின்று ஓட்டத்தைப் பார்க்கிறான்.

பங்கு பிடித்தவர்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்பெயின் தேசத்து வாலென்சியா நகருக்குப் போகலாம். அங்கே ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில், பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு முன்னால், தூரியா ஆற்றின் எட்டு வாய்க்கால்களுக்கும் விவசாயிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கறுப்புச் சட்டை அணிந்து வட்டமாக அமர்ந்து நீர் வழக்குகளை விசாரிக்கிறார்கள். வக்கீல் இல்லை, காகிதக் கட்டு இல்லை, வாதி தன் வாயால் சொல்ல வேண்டும், பிரதிவாதி தன் வாயால் பதில் சொல்ல வேண்டும், தீர்ப்பு அங்கேயே வந்துவிடும். அராபியர் ஆட்சிக்காலத்திலிருந்து வழிவழியாக வருவதாகச் சொல்லப்படும் இந்த நீர் மன்றத்தை 2009இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றது. உல்லாசப் பிரயாணிகள் படம் பிடிப்பதற்காக அது நடப்பதாக எண்ணிவிடக் கூடாது. வழக்கு இல்லாத வாரங்களில் இரண்டு நிமிஷத்தில் கலைந்துபோகும் சபை அது. அங்கே நீரின் அலகுக்கு ஃபிலா என்று பெயர். அது இத்தனை கன அடி என்ற கணக்கன்று. அந்த நேரத்து ஓட்டத்தில் இத்தனை கூறு என்பதே அதன் பொருள். ஆறு பெருகினால் ஃபிலா பெருகும், சுருங்கினால் சுருங்கும். கடும் வறட்சி வந்தால் பங்கும் கூடப் பின்னுக்குப் போய், எந்தப் பயிர் சாகும் தறுவாயில் இருக்கிறதோ அதற்கு முதல் தண்ணீர் என்று ஏற்பாடு மாறுகிறது.

நம்முடைய கண்மாய்ப் பாசனத்தில் பழகியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும் அந்த மனிதர், மடையில் நீர் தாழத் தாழ, முறை வைத்துப் பாய்ச்சத் தொடங்கிவிடுவார்; தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நேரம் குறையும், ஆனால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். முறை என்ற சொல்லுக்கே நம் பாஷையில் தவணை என்றும் நியாயம் என்றும் உறவு என்றும் பொருள் இருப்பதை நினைத்துப் பார்க்கையில், இந்தச் சொல்லை வைத்தவன் மடையில் நின்று பழகியவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அந்த ஏற்பாட்டில் ஜாதியின் கொடுமையும் நிலமில்லாதவருக்குப் பங்கில்லாத அநியாயமும் கலந்திருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. பழமை என்பதற்காக ஒன்றைத் தூக்கிவைத்துப் பேசுவது என் நோக்கமன்று.

பொருளாதார சாஸ்திரம் இந்த மடைக்காரர்களை வெகுகாலம் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. 1968இல் காரெட் ஹார்டின் என்னும் உயிரியல் பேராசிரியர், பொதுவில் விட்ட மேய்ச்சல் நிலம் பாழாகியே தீரும் என்று எழுதிய கட்டுரை வேதவாக்காகக் கொள்ளப்பட்டது. ஒன்று தனிச்சொத்தாக்கு, அல்லது சர்க்கார் கையில் கொடு. மூன்றாவது வழி இல்லை என்பது அதன் சாரம். மூன்றாவது வழி இருக்கிறது என்று ஒரு வாழ்நாள் உழைப்பால் காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். ஏட்டுச் சித்தாந்தத்திலிருந்து அவர் புறப்படவில்லை; 1965இல் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வே லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரையோரத்தில், ஆளாளுக்கு நிலத்தடி நீரை இறைத்ததால் கடல் உள்ளே புகுந்துகொண்டிருந்த ஒரு வடிநிலத்தைப் பற்றியது. அங்கே இறைத்தவர்களே தங்களுக்குள் பேசி, இறைப்பைக் குறைத்துக்கொண்டு, மேற்பார்வைக்கும் வழி செய்துகொண்டார்கள். பின்னர் 1990இல் வெளிவந்த அவருடைய நூலில் வாலென்சியாவின் வாய்க்கால்களும் இடம்பெற்றன. எல்லை தெரிந்திருக்க வேண்டும், விதிகளை அனுபவிப்பவர்களே செய்ய வேண்டும், காவல் இருக்க வேண்டும், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும் என்று அவர் கண்டெடுத்த லட்சணங்களை நம் ஊர்க் கிழவர்களிடம் சொல்லியிருந்தால், இதற்கா இவ்வளவு படிப்பு என்று கேட்டிருப்பார்கள். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு, அதைப் பெற்ற முதல் பெண்மணி என்ற கீர்த்தியோடு, அவரைத் தேடி வந்தது.

ஆனால் அவருடைய பாடத்தை உலகம் கற்பதற்குள் சந்தைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். சிலி நாட்டில் பினோசே ஆட்சியில் 1981இல் இயற்றப்பட்ட நீர்ச் சட்டம், நீரின்மேலுள்ள உரிமையை நிலத்திலிருந்து பிரித்து, இலவசமாகவும் நிரந்தரமாகவும் வழங்கி, வீட்டுமனையைப் போல விற்கவும் வாங்கவும் விட்டது. அதிக லாபம் தரும் இடத்துக்கு நீர் தானே போய்ச் சேரும் என்பது தத்துவம். போய்ச் சேர்ந்தது என்பதும் மெய்யே. பெட்டோர்க்கா பள்ளத்தாக்கில் ஏற்றுமதிக்கான வெண்ணெய்ப்பழத் தோப்புகள் மலைச்சரிவெல்லாம் ஏறிப் பசுமையாக நிற்க, கீழே கிராமத்தார் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தார்கள். குடிக்கும் நீருக்கே முதலிடம் என்றும், புதிய உரிமைகள் 30 ஆண்டுக்கு மேற்படாதென்றும் அச்சட்டம் திருத்தப்பட 2022 வரை, அதாவது நாற்பத்தோராண்டுகள், ஆயிற்று. பொலிவியாவின் கோச்சபாம்பா நகரத்தில் அவ்வளவு பொறுமை இல்லை: குடிநீர் விநியோகம் தனியாரிடம் போய்க் கட்டணம் ஏறியதும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தாயிற்று.

இதிலிருந்து நீருக்கு விலையே கூடாதென்று முடிவு கட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குழாய்க்கும் சுத்திகரிப்புக்கும் யாரோ செலவு செய்துதான் ஆகவேண்டும். விலையில்லாத நீரை அதிகம் அனுபவிப்பவர்கள் அநேகமாகப் பெரிய மோட்டார் வைத்திருப்பவர்கள். ஏழை வீட்டுப் பெண் தெருக்குழாயில் நின்று தன் காலத்தால் கொடுக்கும் விலையை எந்தக் கணக்குப் பிள்ளையும் எழுதுவதில்லை. விரயத்தைத் தடுப்பதற்கு விலை ஒரு நல்ல ஆயுதம். யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு மட்டும் அதனிடம் பதில் கிடையாது.

தேசங்களுக்குள்ளே இவ்வளவு என்றால், தேசங்களுக்கிடையே சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பொதுவான நதி வடிநிலங்கள் உலகில் 300க்கு மேல் உள்ளன. உலக வங்கியின் மத்தியஸ்தத்தில் ஒன்பது ஆண்டுப் பேச்சுக்குப் பின் 1960 செப்டம்பரில் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதி ஒப்பந்தத்தைப் பலரும் நதிநீர்ப் பங்கீடு என்றே சொல்லி வருகிறார்கள்; உள்ளபடி அது பாகப்பிரிவினை. நீரை அவர்கள் பங்கிடவில்லை. ரவி, பியாஸ், சட்லெஜ் மூன்றும் உனக்கு, சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் எனக்கு என்று, ஒத்துப்போகாத சகோதரர்கள் நடுச்சுவர் எழுப்பிக்கொள்வதைப்போல, ஆறுகளையே பிரித்துக்கொண்டார்கள். சுவர் உறுதியாகவே நின்றது. யுத்தங்களின் நடுவிலும் விழவில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலையை அடுத்து இந்தியா அதை நிறுத்திவைத்தபோதுதான், பிரிந்த வீட்டிலும் கூரைத் தண்ணீர் ஒரே முற்றத்தில் விழுகிறது என்பது இரு பக்கத்தாருக்கும் நினைவு வந்தது.

நைல் நதியின் பத்திரம் இதைவிட விசித்திரமானது. 1959இல் எகிப்தும் சூடானும் செய்துகொண்ட உடன்பாடு, அஸ்வானுக்கு ஆண்டுதோறும் 8,400 கோடி கன மீட்டர் வந்து சேரும் என்று வைத்துக்கொண்டு, ஆவியாகப் போவது ஆயிரம் கோடி நீக்கி, 5,550 கோடி எகிப்துக்கும் 1,850 கோடி சூடானுக்கும் என்று கடைசிச் சொட்டு வரை எழுதி முடித்தது. அந்த நீரில் ஏறக்குறைய 85 விழுக்காடு பிறக்கும் எத்தியோப்பியாவின் பெயர் பங்கு வரிசையில் இல்லை. 2011இல் எத்தியோப்பியா நீல நைலின்மேல் ஒரு மாபெரும் அணைக்கு அடிக்கல் வைத்ததும், 2025 செப்டம்பரில் அதைத் திறந்துவைத்ததும், அந்த விட்டுப்போன பெயரைத் தானே கான்கிரீட்டில் எழுதிக்கொண்ட காரியம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில், உலகப் பத்திரிகைகள் அதிகம் எழுதாத வேறொரு பரீட்சை நடந்து வருகிறது. மாலி, மாரித்தானியா, செனகல் ஆகிய மூன்று ஏழை நாடுகள் 1972இல் ஓர் அமைப்பை நிறுவின. ஊற்றுக்கண் இருக்கும் கினி 2006இல் வந்து சேர்ந்தது. உனக்கு இத்தனை கன மீட்டர் என்ற பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை. அணைகள் எவன் மண்ணில் நின்றாலும் எல்லோருக்கும் கூட்டுச்சொத்து, கடனும் கூட்டுக்கடன், மின்சாரத்தையும் பாசனத்தையும் படகுப் போக்குவரத்தையும் அவற்றின் செலவையும் பங்கிட்டுக்கொள்வது என்று ஏற்பாடு செய்தார்கள். ஆற்றுவாயில் டியாமா, மாலிக்குள் மானன்தாலி என்று இரண்டு அணைகள் எழுந்தன. வெள்ளம் வடிந்த நிலத்தில் விதைத்துப் பிழைத்தவர்கள் நஷ்டப்பட்டார்கள், தேங்கிய நீரால் நத்தைக்காய்ச்சல் பரவியது. சொர்க்கம் ஒன்றும் இறங்கி வந்துவிடவில்லை. ஆயினும் 1989இல் செனகலுக்கும் மாரித்தானியாவுக்கும் இடையே ரத்தம் சிந்தி ராஜீய உறவே அறுந்துபோன காலத்திலும் அந்த அமைப்பு மட்டும் கலையவில்லை. பணக்கார தேசங்களின் நிபுணர்கள் பயணப்பட்டுப் போய்ப் படிக்க வேண்டிய ஆறு அது.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நீர். கண்ணுக்குத் தெரியாமல் எல்லை தாண்டும் நீர் ஒன்று உண்டு. லண்டன் பேராசிரியர் டோனி ஆலன், நீரில்லாத அரபு நாடுகள் ஏன் நீருக்காகச் சண்டையிடவில்லை என்று யோசித்து, அவர்கள் கோதுமை மூட்டைக்குள் வைத்து நீரை இறக்குமதி செய்கிறார்கள் என்று கண்டு, 1990களின் தொடக்கத்தில் அதற்கு மறைநீர் என்று பொருள்படும் ஒரு பெயர் இட்டார். ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியில் 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. சவூதி அரேபியா, மறுபடி ஊறாத பழங்கால நிலத்தடி நீரை இறைத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்து, ஒரு காலத்தில் ஏற்றுமதியும் செய்து, கிணறு தாழ்ந்ததும் 2016இல் அந்தச் சாகுபடியைக் கைவிட்டது. மாட்டுத் தீவனத்துக்கும் தடை வந்தது. மாடு கேட்குமா? அந்நாட்டுப் பால் நிறுவனம் ஒன்று அரிசோனாவில் ஏறத்தாழ பத்தாயிரம் ஏக்கர் நிலம் வாங்கி, நிலத்தடி நீரை இறைப்பதற்கு வரம்பே இல்லாத அந்த நாட்டுப்புறத்தில் குதிரைமசால் பயிரிட்டு, உலர்த்திக் கட்டி, கப்பலேற்றியது. அமெரிக்கப் பத்திரிகைகள் கூக்குரலிட்டன. 2023இல் அரிசோனாவின் கவர்னர் அரசு நிலக் குத்தகைகளில் ஒன்றை ரத்துச் செய்தார். ஆனால் கொலராடோ நதியின் நீரில் நகரங்களெல்லாம் சேர்ந்து குடிப்பதைக் காட்டிலும் அதிகமாகக் குடிப்பது இதே குதிரைமசாலும் புல்லும்தான். அதில் மிகப் பெரும்பகுதி உள்ளூர் மாட்டுக்கு, உள்ளூர் முதலாளிக்கு. அயலான் அறுத்தால் கொள்ளை, அடுத்த வீட்டான் அறுத்தால் விவசாயம்.

மறைநீருக்கும் அப்பால், ஆகாயத்தில் ஓடும் நீர். அமேசான் காட்டில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி அந்தக் காடே வெளிவிட்ட ஆவியிலிருந்து திரும்பப் பெய்வது என்பதை எனெயாஸ் சலாட்டி என்ற பிரேசில் விஞ்ஞானி 1970களில் நீரின் அணுக்களைச் சோதித்துக் காட்டினார். மிச்ச ஆவி ஆண்டிஸ் மலையில் மோதித் தெற்கே திரும்பி, லா பிளாட்டா நதியின் வடிநிலத்து நாடுகளில் மழையாகிறது. பறக்கும் ஆறுகள் என்று அந்நாட்டார் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அருகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வெளிவிடும் ஆவி தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழையில் கணிசமான பங்கு வகிக்கிறது என்று ஆராய்ச்சி காட்டுகிறது. மேலேயுள்ள அணையின் மதகு எத்தனை அங்குலம் திறந்தது என்று நாள்தோறும் பார்க்கிற நாம், மலைமேல் ஒரு காடு குறையும்போது நமக்கு வரவேண்டிய நீரில் எவ்வளவு குறைந்தது என்று எந்த ஆணையத்திடமும் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் அதிகாரம் எந்த ஆணையத்துக்கும் கிடையாது.

இந்த ஆவிநீரை ராஜாங்கக் கணக்கில் முதன்முதலாகப் பெரிய அளவில் ஏற்ற முயன்றது, நெதர்லாந்து அரசின் முயற்சியால் 2022இல் அமைந்த நீரின் பொருளாதாரம் பற்றிய உலக ஆணையம். மரியானா மாசுகாட்டோ, யோஹன் ராக்ஸ்ட்ரம், உலக வர்த்தக நிறுவனத்தின் தலைவர் இங்கோசி ஒகோன்ஜோ-இவேலா ஆகியோரோடு, இலங்கைத் தமிழ் வம்சாவளியினரும் இப்போது சிங்கப்பூரின் ஜனாதிபதியுமான தர்மன் சண்முகரத்தினமும் அதன் இணைத்தலைவர். அவருடைய நாடே இந்த விஷயத்தில் ஒரு பாடம்: மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி காலன், ஆயிரம் காலனுக்கு 3 சென் விலை என்று 1962இல் எழுதிய ஒப்பந்தம் கையில் இருந்தும், அந்த ஆற்றைத் தாங்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016இல் ஐந்தில் ஒரு பங்காக வற்றியதைப் பார்த்த நாடு அது. கழிவுநீரையும் கடல்நீரையும் சுத்திகரித்துக் குடிக்கப் பழகிக்கொண்டதற்கு விஞ்ஞான மோகம் மட்டும் காரணமன்று.

ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட இறுதி அறிக்கை, நிலத்தில் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி, மண்ணும் மரமும் வெளிவிட்ட ஈரத்திலிருந்து பிறக்கிறதென்றும், ஆகவே ஆறு, ஏரி மாத்திரமல்லாமல் நீரின் சுழற்சி முழுவதையும் உலகத்தின் பொது நன்மையாக ஆளவேண்டுமென்றும் சொல்லுகிறது. விவசாயத்துக்கும் நீருக்கும் உலக அரசாங்கங்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் 70,000 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியங்களில் பெரும்பகுதி விரயத்தையே வளர்க்கிறது என்கிறது. மனிதன் ஒருவன் கௌரவமாக வாழ, உண்ணும் உணவில் உள்ளதையும் சேர்த்து, நாளொன்றுக்கு 4,000 லிட்டர் வேண்டும் என்று கணக்கிடுகிறது. நோய் சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள். மருந்து கொடுக்க வேண்டிய வைத்தியர் யார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். எல்லை தாண்டும் ஆறுகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 1997இல் பொதுச்சபை நிறைவேற்றியது. 103 நாடுகள் ஆதரித்தன. சீனா, துருக்கி, புருண்டி மூன்றும் எதிர்த்தன. இந்தியாவும் பாகிஸ்தானும், வேறு எதிலும் ஒன்றுபடாதவை, வாக்களியாமல் இருப்பதில் ஒன்றுபட்டன. தேவையான 35 நாடுகளின் ஏற்பு சேர்ந்து அது அமலுக்கு வர 2014 ஆகிவிட்டது. கண்ணெதிரே ஓடும் ஆற்றுக்கே பதினேழு வருஷம். நீரைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 1977இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் ஒரு மாநாடு கூட்டியது. அடுத்த மாநாடு 2023இல்.

மறுபடி கொலராடோவுக்கே வருகிறேன். 2022 ஜூலையில் ஹூவரின் பெயர் தாங்கிய அணைக்குப் பின்னாலுள்ள மீட் ஏரி, நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பின் காணாத தாழ்மட்டத்துக்கு இறங்கியது. மூழ்கிய படகுகளும், பல ஆண்டுகளுக்கு முன் கொலையுண்டு பீப்பாயில் அடைக்கப்பட்ட ஒரு சடலமும் வெளியே வந்தன. நதியை நிர்வகிக்கும் இப்போதைய விதிகள் 2026இல் காலாவதியாகின்றன. அவற்றுக்குப் பதில் என்ன என்று ஏழு ராஜ்யங்களும் வாதாடிக்கொண்டிருக்கையில், 2025 ஜூன் மாதத்தில் அரிசோனாவின் தரப்பிலிருந்து ஒரு யோசனை வெளியே வந்தது: மேலிருந்து கீழே விடவேண்டிய நீரை நிலையான தொகையாக வைக்காமல், கடந்த மூன்றாண்டுகளில் நதி தானாகக் கொண்டுவந்த நீரின் சராசரியில் இத்தனை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் என்ன? நூற்றுமூன்று ஆண்டு கழித்து, அளவை விட்டுப் பங்குக்கு வருவது என்பதே இதன் தாத்பரியம். வாலென்சியாவின் வாய்க்கால்காரர் கேட்டால் தலையசைத்திருப்பார். எத்தனை விழுக்காடு என்பதில் தகராறு மூண்டு, அந்த நவம்பரில் விதித்த கெடு உடன்பாடின்றிக் கழிந்தது.

ஆனால் அந்த யோசனைக்கு ஒரு முன்னோடி உண்டு. அது கடைமடையில் நடந்தது. 15 லட்சம் ஏக்கர்-அடியைக் கையில் பிடித்திருந்த மெக்சிகோ, பஞ்சத்தில் தானும் குறைத்துக்கொள்கிறேன், பெருக்கில் எனக்கும் கூட்டிக்கொடுங்கள் என்று 2012இல் அமெரிக்காவோடு உடன்பட்டது; ஆற்றுக்கும் கொஞ்சம் நீர் விடுவதென்று அதே பத்திரத்தில் எழுதினார்கள். பல பத்தாண்டுகளாக கொலராடோ கடலைத் தொட்டது அபூர்வம். 2014 மார்ச் 23ஆம் தேதி எல்லையிலுள்ள மொரேலோஸ் அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. நதியின் பெயரையே தன் பெயரில் சுமந்தும் நதியைக் காணாதிருந்த சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்னும் ஊரில், மணல் தடத்தில் வண்டியோட்டி விளையாடிய பிள்ளைகள் நீர் வருவதைப் பார்க்க ஓடினார்கள். பெரியவர்கள் வாத்தியங்களோடு வந்து ஆற்றுக்குள் இறங்கி நின்றார்கள். நாட்கணக்கில் ஊர் அங்கேயே இருந்தது. வந்த நீரில் பெரும்பகுதியை மணல் குடித்துவிட்டது. மே மாத நடுவில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் கடலின் ஓதத்தை எட்டியது. எட்டு வாரம் முடிந்ததும் மதகுகளை மூடினார்கள்.